தெருவிற் பந்தயம்: யாழ்ப்பாணத்து வேகக் கனவு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பகற்கனவு என்னும் சொல் நமது விமரிசன உலகிற் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. ஒரு கவிதையையோ சிறுகதையையோ பகற்கனவு என்று கூறிவிட்டால், அதன்பின் அதனைப் பற்றிப் பேச வேண்டியது எதுவுமில்லை என்ற எண்ணம் முற்போக்கு விமரிசனம் வலுப்பெற்ற காலந்தொட்டு எம்மிடையே நிலைகொண்டுள்ளது. யதார்த்தத்துக்கு முகங்கொடுக்க இயலாதவன் கனவிற் புகலடைகிறான் என்பதே இதன் உட்கிடை. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், எந்த யதார்த்தத்திலிருந்து, எந்த வாகனத்தில், எந்தத் தெருவழியே அவன் தப்பியோடுகிறான் என்ற வினாக்களை எழுப்பாமலே தீர்ப்பு வழங்கிவிடுவது விமரிசகனின் கடமையைச் சுருக்கிக்கொள்வதாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கனவு மிகச் சாதாரணமானது, சற்று நகைப்புக்கிடமானதுங்கூட. ஒருவர் காரில் தனியே செல்கிறார். சந்தைக்கோ, கந்தோருக்கோ, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவோ போகிறார். வளைவொன்று வருகிறது. அவ்வளவில் தெரு மறைந்து பந்தயத் தடம் தோன்றுகிறது. முன்னாற் செல்லும் லொறி போட்டியாளனின் வண்டியாகிறது. தெருவோர மதகு முடிவுக் கோடாகிறது. கார் தாழ்ந்த உருவமும் உறுமும் இயந்திரமும் கொண்ட ஸ்போட்ஸ் காராயின் கனவுக்கு வேறு தூண்டுதல் தேவையில்லை. இதனை வெளியே சொல்வார் எவருமிலர். படைப்பாளியையும் பகற்கனவையும் இணைத்துச் சிக்மண்ட் பிராய்ட் 1908 இல் வெளியிட்ட கட்டுரையில், வளர்ந்த மனிதன் தன் குற்றங்களை ஒப்புக்கொள்ளத் துணிந்தாலும் தன் கனவுகளை ஒப்புக்கொள்ளத் துணியான் என்ற கருத்தை முன்வைக்கிறார். பிள்ளைப் பருவத்து விளையாட்டை மனிதன் கைவிடுவதில்லை, அதனிடத்திற் கனவை வைத்துக்கொள்கிறான் என்பது அவர் துணிபு. விளையாட்டுக் காரை நிலத்தில் உருட்டி வாயால் ஒலியெழுப்பிய சிறுவன் நாற்பது வயதிற் சுக்கான் பிடித்திருக்கிறான். ஒலியை மட்டும் மனத்துக்குள் எழுப்புகிறான்.

இக்கனவுக்கு நவீன உலக இலக்கியத்தில் வாய்த்த மிகச் சிறந்த சித்திரம், அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தேர்பர் 1939 இல் ‘நியூ யோர்க்கர்’ சஞ்சிகையில் எழுதிய, வோல்ற்றர் மிற்றி என்பவனின் இரகசிய வாழ்க்கை பற்றிய சிறுகதையாகும். மிற்றி மனைவியுடன் பட்டணத்துக்குக் கார் ஓட்டிச் செல்கிறான். மனத்தில் அவன் புயலினூடே கடற்படை நீர்விமானத்தைச் செலுத்தும் தளபதி. கார் மணிக்கு 55 மைல் வேகத்தை எட்டிவிடுகிறது. தனக்கு 40 மைலுக்கு மேற் பிடிக்காதென்பது தெரியாதா என மனைவி அதட்டுகிறாள். மனைவிக்கு அடங்கிய கணவனின் கதையாக இதனை வாசிப்பதே வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் வரும் ஒரு சிறு சம்பவம். கார்த் தரிப்பிடத்தில், வெளியேறும் வழியால் மிற்றி உள்ளே நுழைந்துவிடுகிறான். அங்கு வேலைபார்ப்பவன் தானே ஏறி, அலட்சியமான இலாவகத்துடன் காரைப் பின்செலுத்தி உரிய இடத்தில் நிறுத்துகிறான். மிற்றிக்கு ஆத்திரம் மேலிடுகிறது. கனவில் அவன் தளபதி. காரை உண்மையில் ஆளத் தெரிந்தவனோ கூலிக்கு நிற்கும் தொழிலாளி. கனவு காண்பவனுக்கும் ஓட்டத் தெரிந்தவனுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியைத் தேர்பர் இரண்டொரு வரிகளிற் கடந்து சென்றுவிடுகிறார். நமக்கு அதுவே தொடக்கப் புள்ளி.

வேகத்தை வழிபட்ட இலக்கியத்தில் அந்த இடைவெளியே மறைக்கப்படுகிறது. இத்தாலியக் கவிஞர் மரினெற்றி 1909 இல் வெளியிட்ட எதிர்காலவாத அறிக்கை, உறுமியோடும் பந்தயக் கார் கிரேக்கச் சிற்பத்திலும் அழகானதெனப் பிரகடனஞ் செய்தது பலரும் அறிந்ததே. அவ்வறிக்கையின் முகவுரையில் அவர் தமது கார் பள்ளத்திற் கவிழ்ந்த கதையைக் கூறுகிறார் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. கவிழ்ந்ததன் காரணம் எதிரே சைக்கிளில் வந்த இருவர். சேற்றிலிருந்து எழுந்தவர் அவ்விருவரையும் தடைகளாகவே நினைவிற் கொள்கிறார். அவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தனர் என்ற வினா அவருக்கு எழவில்லை. பத்து ஆண்டுகளின் பின் அவர் இத்தாலியப் பாசிசத்தின் பக்கத்தில் நின்றமைக்கு அந்தச் சைக்கிள்களை மட்டுங் காரணங் காட்ட முடியாது. எனினும், தெருவில் எதிர்ப்படுவோரைத் தடையாக மட்டுமே காணும் கண் எத்தகையதென்பதற்கு அது நல்ல சான்று. கெனத் கிறேயம் 1908 இல் எழுதிய பிள்ளைக் கதையில் வரும் தேரையார் இன்னும் விசித்திரமானவர். அவரது குதிரை வண்டியை மோட்டார்க் கார் ஒன்று மோதாத குறையாகக் கடந்து பள்ளத்திற் தள்ளி நொறுக்கிவிடுகிறது. நண்பர்கள் கொதிக்கின்றனர். அவரோ தெருப் புழுதியிற் குந்தியிருந்து, சென்று மறைந்த காரின் ஒலியை வாயாற் செய்துகொண்டு மெய்மறந்திருக்கிறார். வேகத்துக்குப் பலியானவனே அதன் பக்தனாகும் இம்மனநிலையை யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் காணாதார் இலர்.

ஓட்டுபவனும் கனவு காண்பவனும் வேறு வேறானவர் என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். வினைமுடித்து மீளும் தலைவன் பாகனுக்குக் கூறுவதாக அமைந்த முல்லைப் பாடல்கள் அகத்திணையில் ஒரு தனித் தொகுதியெனத் தக்கன. தேர் விரைவது அவனுடைய ஏக்கத்தின் அளவு. இவற்றுள் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அகநானூற்று 384 ஆம் பாடல் நமது பொருளுக்கு மிக அணுக்கமானது. தேரில் ஏறியதை மட்டுமே தான் அறிந்ததாகவும், வந்த வழியை அறியவில்லையென்றும் தலைவன் கூறுகிறான். வீட்டு வாயிலில் இறங்குமாறு பாகன் கூறியபோதுதான் அவனுக்கு நினைவு திரும்புகிறது. காற்றைப் பூட்டி ஓட்டினாயா, உன் மனத்தையே குதிரையாக்கிப் பூட்டினாயா என்று வியந்து கேட்கிறான். வழிநெடுகக் கனவில் இருந்தவனின் வாக்குமூலம் இதுவாகும். இன்றும் காரோட்டுவோர் பலர், கோப்பாயிலிருந்து நெல்லியடிவரை வந்துவிட்டேன், இடைவழி எதுவும் நினைவில்லை என்று கூறக் கேட்கிறோம்.

ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. தலைவன் கனவு காணலாம். ஏனெனிற் கடிவாளம் பாகன் கையில் இருக்கிறது. வழியைப் பார்ப்பது பாகனின் தொழில். பழந்தமிழ்ச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு அக்கனவுக்கு அடித்தளமாகியிருக்கிறது எனலாம். மாசாத்தியார் இதனை உணர்ந்திருந்தார் போலும். பாடலின் இறுதியில் தலைவன் பாகனை மார்புறத் தழுவி வீட்டினுள் அழைத்துச் செல்கிறான். தலைவி அவனுக்கு விருந்திடும் பேறு பெறுகிறாள். கனவின் கடன் பாகனுக்குத் திருப்பிச் செலுத்தப்படுகிறது. அகநானூற்றின் நான்காம் பாடலிற் குறுங்குடி மருதனார் இன்னோர் எல்லைக்குச் செல்கிறார். பூத்த சோலையிற் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமென அஞ்சி மணிகளின் நாவைக் கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துபவன் அப்பாடலின் தலைவன். விரைவும் கவனமும் ஒன்றையொன்று அழிப்பன என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இக்கவிஞருக்கு அவ்வாறு தோன்றவில்லை. கார்காலம் வந்துவிட்டது, காத்திருப்பவள் துயருறுவாள், தேர் விரைந்தேயாக வேண்டும். ஆயினும் வண்டின் பாற் கண்ணிருக்கிறது.

இதன் மறுபுறம் மனுநீதி கண்ட சோழனின் கதை. திருவாரூர் வீதியில் அரசகுமாரன் பரிவாரங்களுடன் தேரூர்கிறான். மனிதர் எவர் கண்ணிலும் படாத வண்ணம் இளங்கன்றொன்று துள்ளி வந்து சில்லில் அகப்படுகிறது என்று சேக்கிழார் கூறுகிறார். இளவரசன் குற்றவாளியல்லன் என்பதைக் காட்டவே புலவர் அவ்வாறு அமைத்தார் என்பர் உரைகாரர். நான் அதனை மறுவழியில் வாசிக்க விரும்புகிறேன். அத்தனை பேர் சூழ்ந்திருந்தும் கன்றை எவரும் காணவில்லை என்பதுதானே தெருவின் அவலம். ஈழத்துக்கு இக்கதை அந்நியமானதன்று. மகாவம்சத்தின் 21 ஆம் அதிகாரம் எல்லாளன்மீது இதே கதையை ஏற்றிக் கூறுகிறது. அங்கு திசவாவிக்குச் செல்லும் வழியிற் தாய்ப்பசுவோடு படுத்திருந்த கன்றை அரசகுமாரனின் தேர் கொல்கிறது. எல்லாளன் அதே சில்லினால் மகனின் தலையைத் துணிக்கிறான். அதே அதிகாரத்தில் எல்லாளனின் சொந்தத் தேர் தாதுகோபம் ஒன்றில் முட்டிப் பதினைந்து கற்களைப் பெயர்த்துவிட, அது அறியாது நேர்ந்ததாயினும் அவன் தேரிலிருந்து குதித்துத் தெருவிற் கிடந்து தன் தலையையும் சில்லால் அறுக்கும்படி கூறுகிறான். பகைவனின் வரலாற்றை எழுதிய துறவிகூட மறைக்க விரும்பாத செய்தி இது. ‘நான் அறியவில்லை’ என்பது தேரூர்ந்தவனுக்குரிய விடையாகாது என்ற எண்ணம் இத்தீவின் இரு மொழி மரபுகளுக்கும் பொதுவானது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். தீபகற்பம் சுண்ணக்கல்லாலான சமதரை. நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் போன்ற ஒன்றுக்கு இங்கு மேடுமில்லை, அதனை நடத்திய தோட்டத்துரைமாரின் வர்க்கமும் இங்கு வேரூன்றவில்லை. இங்கு பந்தயம் என்றால் மாட்டுவண்டிச் சவாரி. திடலில் இரு சோடி மாடுகள் அருகருகே ஓடும். சாரதி வண்டிலின் முன்புறம் குனிந்து நிற்பார். சவாரி மாட்டை வளர்ப்பவர் அதனைப் பிள்ளையிலும் மேலாகப் பேணுவார் என்பதும் சவாரிக்காகக் காணி ஈடு வைத்தவர் உண்டென்பதும் ஊர்க்கதைகள். சி. சிவஞானசுந்தரம், அதாவது ‘சிரித்திரன்’ சுந்தர், ‘தினகரன்’ பத்திரிகையில் வரைந்த கருத்தோவியப் பாத்திரத்துக்குச் ‘சவாரித் தம்பர்’ என்று பெயரிட்டார். கமக்காரன் ஒருவனுக்கு அவனுடைய நிலத்தாலோ தொழிலாலோ அன்றி, அவனுடைய ஆசையாற் பெயர் சூட்டப்பட்டமை கூர்ந்து நோக்கத்தக்கது. திடலில் ஆண்டுக்குச் சில நாட்களே சவாரி. எஞ்சிய நாட்களிற் தம்பருக்கு ஊரொழுங்கையே திடல். யாழ்ப்பாணத்தில் ஸ்போட்ஸ் காருக்கு முன்பே ஸ்போட்ஸ் காரோட்டி பிறந்துவிட்டான் என்று கூறினால் மிகையாகாது.

வேகம் என்பது உணரப்படும் விதம் பற்றியும் இங்கு ஒரு சொல் கூற வேண்டும். கண் வேகத்தை அளப்பது கடிகார முள்ளைக் கொண்டன்று. அருகிலுள்ள பொருட்கள் பின்னோடும் விரைவைக் கொண்டே. இருபுறமும் கிடுகு வேலி நெருங்கிய ஒழுங்கையில் 25 மைல் வேகம் 60 போற் தோன்றும். உப்புக்காற்று வீசும் வல்லை வெளியில், கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பேதுமில்லாத இடத்தில், 60 மைல் வேகம் 25 போற் தோன்றும். நிலத்தையொட்டி அமர்ந்தால் இவ்வுணர்ச்சி மேலும் பெருகும். தாழ்ந்த ஆசனமுடைய காரின் மயக்கம் இதிலேயே தங்கியுள்ளது. எனவே பந்தயக் கனவு விளைவது அகன்ற பெருந்தெருவில் என்பதிலும் ஒடுங்கிய ஊர்த்தெருவில் என்பதே பொருத்தமாகும். 1929 முதல் மொனாக்கோ நகரத்தின் அன்றாடத் தெருக்களிலேயே உலகப் புகழ்பெற்ற பந்தயம் ஓடுவதும், 2024 இற் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய வீதிகளை அடைத்து இரவுப் பந்தயம் நடத்தப்பட்டதும் இம்மயக்கத்தைப் பயன்படுத்துவனவே. அங்கெல்லாம் சைக்கிளோட்டியை முதலில் அப்புறப்படுத்திவிடுவர். கனவில் அவனைக் கற்பனையே அப்புறப்படுத்திவிடுகிறது.

என் நண்பரொருவர், தொழிலால் ஆசிரியர், பழைய எம்.ஜி. இருவர் கார் ஒன்றைப் பல ஆண்டு முயன்று ஓடவைத்திருந்தார். ஒருநாள் காலை அவருடன் பருத்தித்துறை வீதியாற் செல்ல நேர்ந்தது. நீர்வேலிச் சந்தையை நெருங்கும்போது வேகமுள் 35 இல் நின்றது, அதிகமென்று கூறமுடியாது. ஆனால் அவர் முகம் மாறியிருந்தது. கியரை மாற்றும் கையிலும் வளைவுக்கு முன் வெளிப்புறம் ஒதுங்கி உட்புறம் தொட்டு மீண்டும் வெளிப்புறம் விரியும் ஓட்டத்திலும் அவர் எங்கு இருந்தார் என்பது புலனாயிற்று. எதிரே சைக்கிளின் இருபுறமும் வாழைக்குலை கட்டிய முதியவர் ஒருவர் வந்தார். அவர் தாமாகவே தெருவை விட்டிறங்கி மணலிற் காலூன்றினார். குலையொன்று சரிந்தது. இதனை நான் பின்காட்டும் கண்ணாடியிற் கண்டேன். நண்பர் காணவில்லை. வல்லைப் பாலம் கடந்தபின் கூறினேன். அவர் சற்று மௌனமாகிப் பின் திரும்பிப் போவோமா என்றார். போகவில்லை. திரும்பிப் போயிருந்தாலும் அம்மனிதர் அங்கு நின்றிருக்கமாட்டார்.

இவ்வளவில் நிறுத்தினால் நடுத்தர வர்க்க மமதை என்ற பழைய தீர்ப்பே சரியென்றாகிவிடும். ஆனாற் சைக்கிளில் வந்த முதியவர் தெருவை விட்டிறங்கிய அந்த அசைவுக்கு ஒரு வரலாறுண்டு; அது கார் வருவதற்கு முந்தியது. அமெரிக்க மானிடவியலாளர் பிறையன் பாஃபன்பேகர் 1990 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 1940களிலும் 1950களிலும் யாழ்ப்பாணத்திற் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டவற்றைப் பட்டியலிடுகிறார். கோயில், கிணறு, தேநீர்க்கடை ஆகியவற்றுடன் பஸ் ஆசனத்தில் அமர்தல், வாடகைக் காரில் ஏறுதல், சைக்கிளோ காரோ சொந்தமாக வைத்திருத்தல் என்பனவும் அப்பட்டியலில் உள்ளன. கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் நமது விமரிசனத்தில் உரிய இடம் பெற்றுவிட்டன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்த நாள்முதல் அவை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. சைக்கிள் ஆசனம் பற்றி எழுதியோர் மிகச் சிலர். நிலத்துக்குமேல் இரண்டரை அடி உயரத்தில் அமர்ந்து, பிறர் நடக்கும் வேகத்திலும் கூடிய வேகத்திற் செல்வதே ஒருவனுக்குக் குற்றமாக்கப்பட்டிருந்த தெருவில், வேகம் பற்றிய கனவு வெறும் நுகர்வு ஆசையாக இருந்திருக்க முடியாது. முதற் சைக்கிளை வாங்கி ஊர்த்தெருவால் மிதித்துச் சென்ற இளைஞனின் மனத்தில் ஓடிய பந்தயத்தை எந்தச் சிறுகதையாளரும் இன்னும் எழுதவில்லை என்பது நமது இலக்கியத்துக்கு இழப்பாகும். 1966 ஒக்டோபர் 21 இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தையும் தெருவைக் கோரிய நிகழ்ச்சியாக நோக்குவது தகும். நடை வேகத்திற் செல்லும் ஊர்வலத்தைக் காவற்படை தடியால் நிறுத்த முயன்றது.

மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மனிதன் சந்திரனை அடைந்துவிட்ட காலத்தில், ஊர்கூடி இழுக்கும் தேரின் வடத்தைத் தொட வந்த ஒருவன் தாக்கப்படுகிறான், தேர் நின்றுவிடுகிறது. அறியப்பட்ட மிகப் பெரிய வேகமும் ஊரின் மிக மெதுவான வாகனமும் ஒரே கவிதைக்குள் வைக்கப்பட்டுள்ளன. மணிக்கு எத்தனை மைல் என்று கேட்கும் காலத்தில், வடத்தை யார் தொடலாம் என்று கேட்டவர் மஹாகவி. வேகம் பற்றிய நவீனத் தமிழ்க் கவிதைகளுள் இதனையே நான் முதன்மையானதாகக் கருதுவேன். அதில் வேகம் என்ற பொருளே வெளிப்படையாகப் பேசப்படவில்லை என்பது வேறு விடயம்.

அடுத்த கட்டம் 1990 இல் தொடங்குகிறது. போர் மீண்டும் மூண்டதும் தீபகற்பத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் அழுத்த விகிதம் குறைந்தனவாதலால் இதனைத் தாங்கின. புதியன இருமி நின்றன. உலகெங்கும் வேகத்தின் அளவுகோலால் ஒதுக்கப்பட்ட கார்கள் யாழ்ப்பாணத்தில் மெதுவாக ஓடியே வென்றன. ஏனைய அனைத்தும் சைக்கிளில் நிகழ்ந்தன: விறகு, நோயாளி, மணமகள், வானொலிக்கு மின்சாரம். பெற்றோலின்றி நின்ற காருக்குள் ஏறியமர்ந்து சுக்கானைத் திருப்பி விளையாடிய சிறுவர்களை அக்காலத்திற் பல முற்றங்களிற் காணலாம். இன்று நாற்பது கடந்த அவர்களின் பந்தயக் கனவுகள் ஓடாத காரிலிருந்து தொடங்கியவை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, அத்தனை வாகனங்களும் நடையிலும் மெதுவாக ஊர்ந்தன. நாவற்குழிப் பாலத்தை அடையச் சிலருக்கு இரவு முழுவதும் வேண்டியிருந்தது. மழையில் நனைந்த அந்தத் தெருவிற் பந்தயம் என்ற சொல்லுக்கு இடமேது.

இதனோடு இன்னொரு செய்தியை ஒப்புநோக்கல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்காக அமைக்கப்பட்ட விமான ஓடுபாதைகள் பல, போரின்பின் பந்தயத் தடங்களாயின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரன் அவ்வாறானது; சென்னையை அடுத்த சோழவரமும் அவ்வாறானதே. போர் விட்டுச் சென்ற கொங்கிறீற்றில் அந்நாட்டு இளைஞர் வேகக் கனவை நனவாக்கினர். யாழ்ப்பாணத்திலும் அதே போருக்காகப் பலாலியில் ஓடுபாதை அமைந்தது. ஆனால் இங்கு போர் ஓடுபாதையை விட்டுச் செல்லவில்லை. 1990 இன் பின் அதனைச் சுற்றிய வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களே உயர் பாதுகாப்பு வலயமாகி, கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2019 இல் அது பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோதும் காணிப் பிரச்சினை முடிவுறவில்லை. ஒரே காலத்தில் ஒரே தேவைக்காக இடப்பட்ட நேர்கோடுகள் இரு சமூகங்களில் இரு பொருள் பெற்றமைக்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நீர்வேலிச் சம்பவத்தின் பின் நண்பரிடம் ஒருநாள் கேட்டேன், அவருடைய பந்தயத்திற் போட்டியாளர் யார் என்று. அவர் யோசித்துவிட்டு, போட்டியாளர் எவருமில்லை என்றார். கைதட்டுவாருமில்லை. வல்லையிலிருந்து ஆனையிறவுவரை ஒரு தெரு. அதிற் கைகாட்டி மறிப்பதற்கு எவருமில்லை. அடையாள அட்டை கேட்பாரில்லை. இறங்கி நடக்கச் சொல்வாரில்லை. அவ்வளவே கனவு. சோதனைச் சாவடிகளிடையே வாலிபத்தைக் கழித்த தலைமுறைக்கு வேகம் என்பது நிறுத்தப்படாமையின் மறுபெயர் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முந்துதல் அதில் இல்லை.

கிறிஸ்தோபர் கோட்வெல் தமது ‘மாயையும் யதார்த்தமும்’ என்ற நூலில், அறுவடைக்கு முன்னரே அறுவடையைப் பாடும் கூட்டுக் கற்பனை உழைப்பை இலகுவாக்கி அதனை நனவாக்கத் துணைபுரிகிறது என்று வாதிட்டார். அவர் 1937 இல், நூல் அச்சேறும் முன்னரே, ஸ்பெயினிற் பாசிச எதிர்ப்புப் போரில் மாண்டவர். அவர் கார்களுக்கான கியர் அமைப்பொன்றை வடிவமைத்து அதனைப் பொறியியற் சஞ்சிகையொன்றில் வெளியிட்டவருமாவார். இத்தகவலை நம் மார்க்சிய விமரிசகர்கள் ஏனோ குறிப்பிடுவதில்லை. கோட்வெல்லை அடியொற்றி நோக்கினால், கேட்க வேண்டியது கனவா யதார்த்தமா என்பதன்று. இக்கனவு கூட்டத்தினுடையதா தனியொருவனுடையதா என்பதே. நண்பரின் கனவில் மறிப்பவர் இல்லை என்பது அத்தலைமுறை முழுவதன் கோரிக்கை. வாழைக்குலைச் சைக்கிளும் இல்லை என்பது அவருடைய வர்க்கத்தின் மறதி. இரண்டும் ஒரே கனவில், ஒரே வெறுந்தெருவாகக் காட்சியளிக்கின்றன. விமரிசகன் முதலாவதை ஏற்று இரண்டாவதைக் கண்டிக்க வேண்டியவன். நமது முற்போக்கு விமரிசனம் இரண்டையும் ஒருங்கே புறந்தள்ளியது. பிற்காலத்தில் எழுந்த தனிமனித அனுபவ விமரிசனமோ இரண்டையும் ஒருங்கே போற்றியது.

2009 இன் பின் நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. கண்டி வீதியும் காங்கேசன்துறை வீதியும் அகன்று வழவழப்பாகிவிட்டன. குத்தகை முறையில் மோட்டார் சைக்கிள் எவருக்கும் கைக்கெட்டுகிறது. வெளிநாட்டுப் பணம் பெரிய இயந்திரங்களை இறக்குகிறது. அடிக்கடி தெருவோரத்திற் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் தோன்றுகின்றன. அவற்றிலுள்ள முகங்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டாதவை. இவ்விளைஞரைக் கட்டுப்பாடற்ற தலைமுறை என்று ஏசும் கடிதங்களைப் பத்திரிகைகளிற் படிக்கிறோம். எழுதுவோர் பலர் தம் காலத்தில் ஒஸ்ரினை வல்லை வெளியில் ஓட்டிப் பார்த்தவர்களே. மறிக்கப்படாத தெரு கிடைத்துவிட்டது. சென்றடைய வேண்டிய வேலையோ தொழிற்சாலையோ அத்தெருவின் முடிவிற் கிடைக்கவில்லை. சவாரித் தம்பருக்கு விடிந்தால் வயல் இருந்தது. இவ்விளைஞனுக்கு விடிந்தாலும் தெருவே இருக்கிறது. சட்டத்தின் வேக எல்லை இவ்விடயத்தில் அவசியமானதே. அது போதுமானதென்று எண்ணுவோருக்கு இக்கனவின் ஆழம் தெரியாது.

நண்பருடன் சென்ற ஆண்டு கொழும்புக்குப் போனேன். எம்.ஜி. அவ்வளவு தூரம் தாங்காதாகையால் அவருடைய மைத்துனரின் காரில். ஆனையிறவு கடந்ததும் தனியார் பஸ் ஒன்று எம்மை முந்தியது. கிளிநொச்சிக்கு அப்பால் நாம் அதனை முந்தினோம். நண்பர் முகத்தில் அந்தப் பழைய மாற்றம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போல் நிறுத்தினோம். அங்கு நிறுத்தாமற் செல்லும் வாகனத்தை நான் கண்டதில்லை. கற்பூரங் கொளுத்தி, கச்சான்காரப் பெண்ணிடம் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு நிற்கையில் அந்தப் பஸ்ஸும் வந்து நின்றது. சாரதி இறங்கினார், நாற்பது பேரை ஏற்றி வந்தவர். தேங்காயொன்றை அடித்துவிட்டு, எவரையும் பாராமல் ஏறிப் புறப்பட்டார். நண்பர் கையிற் கச்சானுடன் அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பாத்தீரே, கச்சான் வாங்கிறதுக்குள்ளை அவன் முந்திப்போட்டான்” என்றார்.